நாணல்துறையின் ஒன்பது கண் பாலம்

வெண்சாமர நாட்டுக்கு ஏழு மலை, பதினோரு ஆறு, ஒரு மன்னர். மலையும் ஆறும் தாமாக வந்தவை. மன்னரை மட்டும் குடிமக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டாலும் ஏற்கெனவே மன்னராக இருப்பவரே மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவார். அவ்வளவு ஒற்றுமையான மக்கள்.

அந்த நாட்டில் ஒரு நல்ல சட்டம் இருந்தது. சிரிக்காதீர்கள், உண்மையிலேயே நல்ல சட்டம்தான். இப்போதைய மாமன்னர் வாகைசூடியாரின் பாட்டனார் காலத்தில், அதிகாரிகள் வெட்டாத குளத்தை வெட்டியதாகவும் போடாத சாலையைப் போட்டதாகவும் எழுதிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இனிமேல் எந்த ஊர் மனுவையும் சும்மா முடித்துவைக்கக் கூடாது, முடிந்த வேலையைப் படம் பிடித்து மனுவின் மேல் ஒட்ட வேண்டும், படத்தில் அந்த ஊரின் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். பலகை தெரிந்தால் வேலை நடந்தது. தெரியாவிட்டால் நடக்கவில்லை. இதற்காகவே ஊருக்கு ஓர் ஒட்டுநரும், அவருக்கு ஒரு கிண்ணம் பசையும், ஒரு நாற்காலியும் கொடுத்தார்.

சட்டம் இரும்புப் பெட்டி மாதிரி இறுக்கமாக இருந்தது. ஒரே ஒரு பொத்தல்தான். பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும், நாட்டின் பெயர் இருக்காது. ஒரே பெயரில் இன்னொரு நாட்டிலும் ஊர் இருக்கக்கூடும் என்பது கிழவருக்குத் தோன்றவில்லை. பாவம், அவர் தம் எல்லையைத் தாண்டிப் போனதே இல்லை. வெண்சாமர நாட்டில் ஒரு நாணல்துறை. மேற்கே குடைக்கல் நாட்டில் ஒரு நாணல்துறை. அதற்கும் அப்பால் முத்துவட நாட்டில் ஒரு நாணல்துறை. மூன்று நாட்டிலும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு. சண்டை போட்டுக்கொள்ள மட்டும் மூன்று கொடி. சட்டம் சௌகரியமாக இருக்கிறதே என்று மற்ற இரண்டு நாடுகளும் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டன.

நம் கதை வெண்சாமர நாட்டு நாணல்துறையில் நடக்கிறது. முன்னால் ஆறு, பின்னால் காடு. அக்கரையில் மேட்டுப்பேட்டை. சந்தை அங்கே, மாவு மில் அங்கே, பிரசவம் பார்க்கிற வைத்தியசாலையும் அங்கே. காட்டைச் சுற்றிக்கொண்டு போனால் நாலு நாள் நடை. ஆற்றைக் கடந்தால் அரை நாழிகை. கடத்திவிட ஊரில் இருந்தது ஒரே பரிசல். அதை ஓட்டியவள் பாவாயி.

பாவாயிக்கு நாற்பது வயது. கல்யாணம் என்று ஒன்றைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. தாய் செத்தபோது தங்கை மயிலாத்தாவுக்கு மூன்று வயது. அவளைப் பரிசலுக்குள் உட்காரவைத்துத் துடுப்புப் போட்டே வளர்த்து, ஆளாக்கி, உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அவன் வருஷத்தில் பத்து மாதம் உப்பளத்தில் கிடப்பான். ஆகவே மயிலாத்தா அக்காவிடமேதான் இருந்தாள்.

போன ஐப்பசியில் மயிலாத்தாவுக்கு வலி எடுத்தது. ஆறு கரையை முட்டிக்கொண்டு போனது. பரிசலை இறக்கவே முடியவில்லை. இரண்டு நாள் அக்காளும் தங்கையும் கரையில், ஒரு தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே, அக்கரை வைத்தியசாலையின் விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. வெள்ளம் வடிந்ததும் வந்து பார்த்த வைத்தியர் அம்மாள், "அடுத்தது வயித்துல தங்கிச்சுன்னா எட்டாம் மாசமே எங்கிட்ட கொண்டாந்து விட்டுரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன் தங்கச்சியும் தங்க மாட்டா" என்று கண்டித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பாவாயி ஒரு மனு எழுதுவித்தாள். நாணல்துறைக்கு ஒரு பாலம் வேண்டும். அவ்வளவுதான் மனு. அந்த மனுவே தன் கழுத்தை இறுக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டிருப்பாள்.

தை மாதம் ஓர் ஆள் வந்தான். மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாகப் படம் பிடிக்கிறவன். ஆற்றங்கரையில் நின்ற நாணல்துறைப் பெயர்ப் பலகைக்குக் கீழே பாவாயியைப் பரிசலோடு நிற்கவைத்து, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். அவளும் சிரித்தாள். என்ன எதற்கு என்று கேட்கவில்லை. படம் பிடிக்கிறார்களே, பாலம் வரப்போகிறது போலிருக்கிறது என்று ஒரு சந்தோஷம். போனவன் போனவன்தான்.

ஆவணியில் மயிலாத்தாவுக்கு ஏழு மாதம். அப்போதுதான் தண்டோரா போட்டார்கள். நாணல்துறைப் பாலத்தைத் திறந்துவைக்க அமைச்சர் பேரொளியார் வருகிறார்!

ஊரே ஆற்றங்கரைக்கு ஓடிவந்தது. ஆற்றில் பாலம் எதுவும் இல்லை. அக்கரையில் அமைச்சரின் கார் வந்து நின்றது. பாலத்தைத் திறக்க வந்த அமைச்சர் பாவாயியின் பரிசலில்தான் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, சேற்றில் கால் வைத்து இறங்கினார். பட்டுக் குடைக்குக் கீழே ஒரு மேசை. மேசைமேல் ஒரு படம். படத்தில் ஒன்பது கண் கொண்ட கல் பாலம் ஒன்று கம்பீரமாக நின்றது. அதன் தலைமாட்டில் "நாணல்துறை" என்ற பலகை. அமைச்சர் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். ஒட்டுநர் சிற்சபேசன் பசையை எடுத்துப் படத்தின் முதுகில் தடவி மனுவின் மேல் ஒட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். பாவாயியும் தட்டிவிட்டாள். பழக்கதோஷம்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஒட்டுநரிடம் போய், "ஏனுங்க, பாலம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

சிற்சபேசன் நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவர் பேசினால் அரசிதழைப் படிப்பதுபோல இருக்கும். "பாவாயி அம்மையே, தாங்கள் கோரிய பாலம் தங்கள் மனுவின் மீதே உள்ளது. தாங்கள் விரும்பினால் அலுவல் நேரத்தில் வந்து பார்வையிடலாம்" என்றார்.

"படத்துல இருக்குதுங்க. ஆத்துல இல்லீங்களே."

"ஆறு என்பது அரசு ஆவணம் அல்லவே, அம்மா."

 பாவாயி அமைச்சரை மறுபடியும் பரிசலில் ஏற்றி அக்கரையில் கொண்டுபோய் விட்டாள். அவர் காய்ந்த தரையில் கால் வைத்ததும் ஒலிபெருக்கியை வாங்கி இக்கரைக்குக் கேட்கும்படி பேசினார். "ஒன்பது கண் பாலம் ஓங்கி நிற்கையில் ஓட்டைப் பரிசல் எதற்கு? அது பாலத்துக்கு அவமானம்! மாமன்னருக்கு அவமானம்! இந்த நொடி முதல் நாணல்துறையில் பரிசல் ஓட்டுவது குற்றம்!" அவள் இக்கரைக்குத் திரும்பிவந்து கரையேறும்போது சிற்சபேசன் உத்தரவோடு காத்திருந்தார். பரிசலை அலுவலக முற்றத்துக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்து, "பாலத்துக்கு முற்பட்ட காலத்தில் மக்கள் பயன்படுத்திய பாத்திரம்" என்று ஒரு சீட்டும் எழுதி மாட்டிவிட்டார்கள்.

"அட கடன்காரா, இத்தனை நேரம் அதுல உக்காந்துதானடா வந்தே" என்று பாவாயி ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். அமைச்சரின் கார் கிளம்பிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாணல்துறையில் வாழ்க்கை ஒரு தினுசாகப் போயிற்று. சந்தைக்குப் போக முடியவில்லை. உப்பு தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது. பாலம் வந்த பிறகும் சாமான் வரவில்லையென்றால் கூட்ட நெரிசல்தான் காரணம் என்று தலைநகர் கண்டுபிடித்தது. உடனே பாலத்தில் போகிறவர்களை ஒழுங்குபடுத்த ஒரு காவலரை நியமித்தார்கள். அவர் நாள் முழுவதும் வெறும் கரையில் நின்று ஆற்றைப் பார்த்துக் கை காட்டி, "இடப்பக்கமா போங்க, இடப்பக்கமா போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர் பொறுக்க முடியாமல் உப்பு வாங்க நீந்தியே போய்த் திரும்பிவந்தார். தலையில் கட்டிக்கொண்டு வந்த உப்பு பாதி கரைந்துபோயிருந்தது. காவலர் அவரைப் பிடித்து, "ஏன்யா உடம்பெல்லாம் ஈரம்?" என்று விசாரித்தார். "பாலத்து மேல மழைங்க" என்றார் அந்த மனிதர். காவலர் மழை என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். தலைநகரில் அதைப் படித்துவிட்டு, பாலத்தால் மழை வளமும் பெருகியிருக்கிறது என்று செய்தி போட்டார்கள்.

இதற்கிடையில் சிலர், பாலம் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று டீக்கடையில் உட்கார்ந்து முனகினார்கள். அரசு அவர்களைத் தண்டிக்கவில்லை. அது கருணையுள்ள அரசு. பார்வைக் குறைவு என்று பதிந்து கண் சோதனைக்கு அனுப்பியது. கண் சோதனை முகாம் எங்கே? அக்கரையில். பாலம் வழியாகப் போக வேண்டும். போகாதவர்கள் பெயரை ஓட்டர் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். இப்படி உத்தரவு வந்ததும் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பார்வை திரும்பிவிட்டது. டீக்கடைக்காரருக்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவர்கூடத் தெரிந்தது. தெரிந்தவர்களுக்குள்ளேயே பிறகு தகராறு வந்தது. பாலத்துக்கு ஒன்பது கண் என்றார்கள் ஒரு கூட்டத்தார். நன்றாகப் பார்த்தால் ஏழுதான், இரண்டு கண்ணைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றார்கள் இன்னொரு கூட்டத்தார். ஒன்பதுக்கும் ஏழுக்கும் தனித்தனிக் கொடி வந்தது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. பெண் கொடுத்தவர்கள் பெண்ணைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். பாலமே இல்லை என்று சொல்லத்தான் ஒரு நாதியில்லை.

பாவாயிக்கு ஒன்பதும் வேண்டாம், ஏழும் வேண்டாம். புரட்டாசி பிறந்தது, மயிலாத்தாவுக்கு எட்டாம் மாதம். வைத்தியர் அம்மாள் குறித்துக்கொடுத்த கெடு வந்துவிட்டது. புதிதாக ஒரு பரிசல் பின்னலாம் என்று மூங்கில் வெட்டப் போனாள். பாலத்துக்கு எதிரான சதி என்று மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். காட்டு வழியாக எட்டு மாதக்காரியை நாலு நாள் நடத்துவதா? வேறு வழி தெரியாமல் ஒட்டுநரின் அலுவலகத்துக்குப் போய், தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"சாமி, ஒரே ஒரு தடவைங்க. போயிட்டுக் கொண்டாந்து பரிசலை இதே எடத்துல கவுத்திப்போடுறேனுங்க. அந்தப் புள்ளைக்கு என்னைய விட்டா யாருமில்லீங்க."

சிற்சபேசனின் கண்ணும் கலங்கியது. நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. "தங்கள் துயரம் எம்மை உருக்குகிறது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பாலம் இல்லாத ஊருக்குப் பரிசல் உண்டு. பாலம் உள்ள ஊருக்குப் பரிசல் இல்லை. தங்கள் ஊருக்குப் பாலம் உண்டு. தங்கள் மனுவின் பேரிலேயே உண்டு. நாணல்துறைப் பெயர்ப் பலகையோடு கூடிய ஒரு படத்தை மறுக்க நாணல்துறைப் பெயர்ப் பலகையோடு கூடிய இன்னொரு படத்தாலன்றி இயலாது. வேறென்ன வேண்டுமானாலும் கேளுங்கள், செய்கிறேன்" என்று சொல்லி அவளுக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்தார்.

"மோரை நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

ஐப்பசி வந்தது. மேற்கே மேகம் கட்டியது. ஆறு செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. மயிலாத்தா பகல் முழுவதும் கரையில் வந்து உட்கார்ந்து அக்கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அக்கா, இந்தப் புள்ளையும் அப்படித்தானா?" என்று ஒருநாள் கேட்டாள். பாவாயி "வாயைக் கழுவு" என்று அதட்டிவிட்டு, கொல்லைப்புறம் போய் முகத்தைச் சேலையில் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் காட்டு வழியாக ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துணிப்பை, காலெல்லாம் முள் கீறல். பாவாயியின் வீட்டு வாசலில் நின்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அதையும் பார்த்தார். "நீங்கதானம்மா! சிரிப்பு அப்படியே இருக்குல்லா" என்று சந்தோஷத்தில் கூவினார். பாவாயி அப்போது சிரிக்கவில்லை. படத்தில் இருந்தவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். தை மாதம் பலகைக்குக் கீழே பரிசலோடு எடுத்த அதே படம்.

வந்தவர் பெயர் மாசிலாமணி. குடைக்கல் நாட்டு நாணல்துறையில் தபால் கொடுக்கிறவர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எங்க ஊருல ஒன்பது கண் பாலம் ஒண்ணு கட்டினாவ. திறப்பு விழா அன்னைக்குப் படம் பிடிச்சாவ. மறுநாள் காலைல ஒரு மாட்டு வண்டி ஏறிச்சு, பாலம் இறங்கிட்டு. வண்டிக்காரனுக்கு இடுப்பு போச்சு. படகாவது விடுங்கன்னு மனு போட்டோம். அதுக்கு இந்தப் படத்தை ஒட்டி, பரிசல் ஓடுதுன்னு முடிச்சுட்டாவ. அஞ்சு மாசமா நாங்க இந்தப் பரிசலைத் தேடாத இடமில்ல. பலகைல எங்க ஊரு பேருதான் இருக்கு, ஆனா ஆத்தங்கரை எங்க ஆத்தங்கரை இல்ல. கடைசியில நானே விசாரிச்சுப் புறப்பட்டு வந்தேன். எங்கம்மா உங்க பரிசல்?"

"மியூசியத்துல இருக்குதுங்க" என்றாள் பாவாயி.

"அது ஏன்?"

"உங்க பாலம் எங்க ஊர்ல நிக்குதுங்களே, அதனால."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாவாயிக்கும் வந்தது. உள்ளே படுத்திருந்த மயிலாத்தா, அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்து எழுந்து வந்தாள். பாவாயி சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏனுங்க, விழுந்த பாலத்தைப் படம் பிடிச்சீங்களா?"

"பிடிக்காம? மூணு படம் இருக்கு. எங்க ஒட்டுநர் கையால தொடமாட்டேன்னுட்டாரு."

"பலகை தெரியுதுங்களா?"

மாசிலாமணி பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஒன்பது கண்ணில் எட்டு ஆற்றுக்குள் கிடந்தது. ஒற்றைக் கண் மட்டும் அசட்டுத்தனமாக நின்றது. அதன் பக்கத்தில், ஒரு கீறல்கூட விழாமல், "நாணல்துறை" என்ற பலகை.

பாவாயி படத்தை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

சிற்சபேசன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, வெறும் காலோடு ஆற்றங்கரைக்கு ஓடி, அங்கே பாலம் இல்லாததைத் தம் கண்ணால் கண்டார். "ஐயகோ! நம் பாலம் இடிந்துவிட்டதே! ஒன்பது கண்ணும் போயிற்றே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுதார். காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஒன்பது கண் கட்சிக்காரர்கள் இது ஏழு கண் கட்சியின் சதி என்றார்கள். ஏழு கண் கட்சிக்காரர்கள், இரண்டு கண்ணைச் சாப்பிட்டால் பாலம் எப்படி நிற்கும், அன்றைக்கே சொன்னோமே என்றார்கள். டீக்கடைக்காரர், முந்தாநாள்கூடத் தான் அதன் மேல் நடந்து போனதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுது முடித்த பிறகு ஒட்டுநர் படத்தை மனுவின் மேல் ஒட்டினார். பாலம் இல்லாத ஊருக்குப் பரிசல் உண்டு. சட்டம் சட்டம்தான். பரிசலைப் பாவாயியிடம் திருப்பிக்கொடுத்துவிட்டு, தலைநகருக்குத் தந்தி அடிக்கப் போனார்.

இரண்டு மாதம் வெயிலில் கிடந்த பரிசலில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். தார் காய்ச்சி ஊற்ற வேண்டும், அது காய ஒரு பகலாவது வேண்டும். மாசிலாமணி விறகு பொறுக்கிவந்து கொடுத்து உதவினார். நாளை மறுநாள் நிதானமாகக் கிளம்பலாம் என்று பாவாயி கணக்குப் போட்டிருந்தாள். அப்போது அவர் பேச்சுவாக்கில், "முத்துவட நாட்டுலயும் ஒரு நாணல்துறை இருக்குன்னு தபால்காரங்க சொல்லுவாவ. அங்க பெரிய இரும்புப் பாலமாம். ராத்திரியிலகூட விளக்கு எரியுமாம்" என்றார்.

பாவாயி தார்ச் சட்டுவத்தைக் கீழே வைத்தாள்.

"தேர்தல் எப்போங்க?"

"உங்களுக்குத்தானே? இன்னும் ஒன்பது நாள்னு வழியில சொன்னாவ."

தேர்தல் நேரத்தில் எந்த மன்னர் பாலத்தை இடிந்த கோலத்தில் விட்டுவைப்பார்? பாவாயி தாரின் மேல் விசிறி வைத்து வீசு வீசென்று வீசினாள். மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள், அரையும் குறையுமாகக் காய்ந்த பரிசலை ஆற்றில் இறக்கினாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. மயிலாத்தாவுக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவளை நடுவில் உட்காரவைத்து, மாசிலாமணியைத் தண்ணீர் இறைக்கச் சொல்லிவிட்டு, பாவாயி துடுப்பைப் போட்டாள்.

நடு ஆற்றுக்கு வந்திருப்பார்கள். கரையில் சிற்சபேசன் ஓடிவந்தார். கையில் தந்தி. பின்னால் காவலர், குறிப்புப் புத்தகத்தோடு. ஒட்டுநர் ஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டு படித்தார்.

"மாமன்னரின் பேரருளால் நாணல்துறையில் இரும்புப் பாலம் ஒரே இரவில் கட்டி முடிக்கப்பட்டது! படம் தபாலில் வருகிறது. வரும்வரை ஒட்டியதாகவே கருதப்படும்! பரிசல் செல்லாது! பாவாயி அம்மையே, திரும்புங்கள்! திரும்பாவிட்டால் சிறை!"

மயிலாத்தா அக்காவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, திருப்பிடாதே" என்று மட்டும் சொன்னாள். ஆற்றின் இழுப்பு அதிகமாகிக்கொண்டிருந்தது. பாவாயி துடுப்பை நிறுத்தவில்லை. கரையைத் திரும்பிப் பார்த்து, ஆற்றிரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏனுங்க ஒட்டுநரே! இரும்புப் பாலம் வந்திருச்சுங்களா?"

"வந்துவிட்டது!"

"அப்ப நாங்க அது மேலதானுங்க போயிட்டிருக்கறோம்! பரிசல் ஏதுங்க? பரிசல் தெரியுதுங்களா உங்களுக்கு? தெரியுதுன்னா சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவரு உங்க பேரைக் கண் சோதனைக்கு எழுதிக்கட்டும்!"

சிற்சபேசன் ஒலிபெருக்கியை இறக்கினார். பக்கத்தில் பார்த்தார். காவலர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, ஒட்டுநரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுநர் ஆற்றைப் பார்த்தார். ஆற்றில் ஒரு பரிசல் சுழன்று சுழன்று போனது. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. முப்பது வருஷ உத்தியோகம், நாற்காலி, பசைக் கிண்ணம் எல்லாம் அதற்குப் பின்னால் தெரிந்தன.

"தெரிகிறது" என்றார் மெல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாலம் தெரிகிறது. அதன் மேல் ஒரு கர்ப்பிணி செல்வது தெரிகிறது" என்றார். காவலர் எழுதிக்கொண்டார். ஒட்டுநர் மறுபடியும் ஒலிபெருக்கியை எடுத்தார். "பாவாயி அம்மையே! இடப்பக்கமாகச் செல்லுங்கள்!"

பாவாயி பரிசலை லேசாக இடப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம்தான் நீரோட்டம் குறைவு.

அன்று மத்தியானம் மேட்டுப்பேட்டை வைத்தியசாலையில் மயிலாத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொடி சுற்றிப் பிறந்த குழந்தை. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றாள் வைத்தியர் அம்மாள். குழந்தை வீறிட்டு அழுததைக் கேட்டுப் பாவாயி வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு வருஷமாகச் சேர்ந்துகிடந்த அழுகை எல்லாவற்றையும் அழுது தீர்த்தாள். மறுநாள் அரசிதழில், "இரும்புப் பாலத்தின் முதல் பயணி! தாயும் சேயும் நலம்! மாமன்னருக்கு நன்றி!" என்று வந்தது. ஒன்பதாம் நாள் தேர்தலில் மாமன்னர் வாகைசூடியார் மாபெரும் வெற்றி பெற்றார். நாணல்துறையில் மொத்தம் அறுநூறு ஓட்டு. அவருக்கு விழுந்தது ஆயிரத்து எண்ணூறு. மூன்று ஊரையும் சேர்த்து எண்ணிவிட்டார்களோ என்னவோ, யார் கண்டது.

வெள்ளம் வடிந்ததும் மாசிலாமணி தம் ஊருக்குப் போனார். அக்காளும் தங்கையும் குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பார்வைக் குறைவு.

மார்கழியில் ஒருநாள் காலை அந்தப் படக்காரன் மறுபடியும் வந்தான். அதே மூன்று கால் பெட்டி, அதே கறுப்புத் துணி. "அம்மா, குழந்தையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் ஆத்தங்கரைப் பலகைக்குக் கீழ வந்து நில்லுங்க. நல்லா சிரிங்க" என்றான்.

பாவாயிக்கு இந்தத் தடவை கேட்கத் தோன்றியது. "எதுக்குங்க படம்?"

"குடைக்கல் நாட்டு நாணல்துறையில பிரசவ ஆஸ்பத்திரி கேட்டு மனுப் போட்டிருக்காங்க. ரெண்டு பொம்பளைங்க செத்துட்டாங்களாம். அதை முடிச்சுவைக்க, அழகா ஒரு தாயும் சேயும் வேணும்."

பாவாயி மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். யார் பெற்ற பெண்ணோ, எந்த ஆற்றங்கரையில் படுத்துக்கொண்டு எந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தாள். "இருங்க, புள்ளையக் குளிப்பாட்டிக் கொண்டாரேன். சிரிச்ச மொகமா இருக்கோணுமல்ல" என்று சொல்லிக் குழந்தையை மயிலாத்தாவிடம் கொடுத்துவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போனாள்.

படக்காரன் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்தான். குழந்தை குளித்து, பவுடர் பூசி, பொட்டு வைத்து வந்தது. எல்லோரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். அவன் பெட்டியை நிறுத்தி, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்து மிரள மிரள விழித்தான். மணலில் ஒரு குழிதான் இருந்தது.

"ஊர்ப் பலகை எங்கம்மா?"

"அதை வெச்சுத்தானுங்க புள்ளைக்குத் தண்ணி காய வெச்சேன்" என்றாள் பாவாயி. "இன்னும் ரெண்டு எழுத்து அடுப்புல எரிஞ்சிட்டிருக்கும். வேணுமுன்னா போய்ப் படம் பிடிச்சுக்கோங்க."